கோணி ஊசியால் தைத்த புத்தகங்கள்

ஷார்ஜா
4-7-1981

வீரலட்சுமிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. பக்கத்துக் கடை செல்லப்பாவின் கடிதம் நேற்று வந்தது. நம் வீட்டு முன்னறையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை இஞ்சிக் கிட்டங்கிப் பெண்களின் பிள்ளைகள் முப்பது பேர் கிடக்கிறார்களாம். நீ நடுவில் உட்கார்ந்து கதை சொல்கிறாயாம், கை தட்டிப் பாடுகிறாயாம். அதுவும் அந்த மலையாள ஊரில் தமிழில். தன் கடையில் கணக்குப் பார்க்க முடியவில்லை, அவ்வளவு சத்தம் என்று எழுதியிருக்கிறான்.

இதெல்லாம் எப்போது ஆரம்பித்தது? என்னிடம் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? அப்பா கட்டிய வீடுதான். ஆனால் அந்த முன்னறைக்கு ஓடு போட்டது நான். வெயிலில் கம்பி கட்டி, கையுறைக்குள்ளேயே உள்ளங்கை வெந்து, அதில் போட்ட ஓடு.

எனக்குக் கோபம் சத்தத்தைப் பற்றி இல்லை. என் மகள் கங்காவும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாளாம். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் இஞ்சி சுத்தம் பண்ணப் பிறந்தவளா? பாலத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு இங்கிலீஷ் நர்சரி வந்திருக்கிறது. செல்லப்பா பேசிவிட்டான். இந்த மாதமே சேர்த்துவிட வேண்டும். உன் மதினியிடம் சொல். இல்லை, இதை அப்படியே அவளுக்கு வாசித்துக் காட்டு.

அண்ணன்
சுடலைமுத்து


மட்டாஞ்சேரி
21-7-1981

அண்ணனுக்கு,

வாசித்துக் காட்டச் சொன்னீர்கள், வாசித்தேன். மதினி பாதியிலேயே எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அங்கே பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. தவறி விழுந்த மாதிரி இல்லை.

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டீர்கள். மார்ச்சில். அங்கம்மாள் அக்காவின் மகன் வேலன், நாலு வயது, கிட்டங்கியில் இஞ்சி நனைக்கிற சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தவன் சுண்ணாம்புக் கையோடு கண்ணைக் கசக்கிவிட்டான். கண் பிழைத்தது. மறுநாள் அந்த அக்கா அவனைக் கொண்டுவந்து நம் வாசலில் விட்டு, "நீ பாலசேவிகா டிரெய்னிங் படிச்சவதானெ, இவன ஒரு எடத்துல உக்கார வையி" என்றார். ஒருவனை வைத்தேன். அடுத்த வாரம் ஒன்பது பேர். நம் காலனிக்கு அங்கன்வாடி வரும் என்று மூன்று வருஷமாகச் சொல்கிறார்கள். வந்தால் நான் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

பாட்டும் கதையும் மட்டும் நடப்பதாக உங்கள் செல்லப்பா எழுதியிருக்கிறார். அவர் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. பழைய சினிமா நோட்டீஸின் வெறும் பக்கத்தில் பிள்ளைகள் சொல்வதை எழுதுகிறேன். ஒரு பக்கம் தமிழ், எதிர்ப்பக்கம் அதே வார்த்தை மலையாளத்தில். அதைக் கோணி ஊசியும் சணலும் கொண்டு தைத்தால் புத்தகம். "எங்கம்மா கை எரியுது. இஞ்சிக்குப் பல்லு இருக்கு." இது வேலன் சொன்னது. அவன் சொன்னதை அவனே விரல் வைத்து வாசிக்கிறான். இந்தக் காலனியிலிருந்து ஒன்றாம் கிளாஸுக்குப் போகிற பிள்ளைகள் மூன்றாம் கிளாஸைத் தாண்டாதது ஏன் என்று உங்களுக்குத் தெரியும். டீச்சர் பேசுவது விளங்காமல் இரண்டு வருஷம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து, பிறகு ஒரு நாள் போவதை நிறுத்திவிடுகிறார்கள். விளங்குகிற பாஷையில் ஆரம்பித்தால் மற்றது பின்னால் வரும். வருவதை நான் தினமும் பார்க்கிறேன்.

தமிழ் வேண்டாம் என்கிறீர்களே அண்ணே, என்னைத் திட்ட உட்கார்ந்ததும் உங்கள் கையில் எந்த பாஷை வந்தது?

கங்காவுக்கு யூனிஃபார்ம் தைத்தாயிற்று. உங்கள் வார்த்தையை மீறி மதினி நடக்கமாட்டார். திங்கட்கிழமை முதல் போகிறாள்.

வீரலட்சுமி


ஷார்ஜா
9-8-1981

வீரலட்சுமிக்கு,

என் கையில் தமிழ் ஏன் வந்தது என்று கேட்டாய். நீ எஸ்.எஸ்.எல்.சி. வரை போனவள். நீ போகும்போது நான் சம்பாதிக்க ஆரம்பித்துவிட்டேன், நல்ல பாவாடையும் குடையுமாகப் போனாய். உன்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. நான் போனபோது நடந்தது உனக்குத் தெரியாது, நீ பிறக்கவில்லை.

ஒன்றாம் கிளாஸ். தாகமாக இருந்தது. எழுந்து நின்று தண்ணி வேணும் என்றேன். டீச்சர், "வெள்ளமோ?" என்று கேட்டார். அவர்களுக்கு வெள்ளம் என்றால் தண்ணீர், நம் வீட்டில் வெள்ளம் என்றால் மழைக்காலத்தில் கட்டிலுக்கு அடியில் வருவது. வெள்ளம் வேண்டாம், தண்ணிதான் வேணும் என்று அழுதேன். தண்ணி என்றால் அவர்களுக்குச் சாராயம். டீச்சரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து நாலாம் கிளாஸில் நான் ஓடிப்போகிற வரைக்கும் என் பெயர் தண்ணிப்பாண்டி; தமிழன் என்றாலே அவர்களுக்குப் பாண்டிதான். சுடலைமுத்து என்று அங்கே ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. தமிழ் எழுத்து அப்பா பொட்டலக் காகிதத்தில் சொல்லிக் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு வேலையும் கிடைக்கவில்லை. உனக்குக் கடிதம் எழுதத்தான் உதவுகிறது.

என் மகளின் வாயில் அந்தத் தண்ணி வரக்கூடாது. மலையாளம்கூட வேண்டாம், நேராக இங்கிலீஷ் வரட்டும். இங்கே எங்கள் கேம்ப்பில் இங்கிலீஷ் தெரிந்தவன் நிழலில் நிற்கிறான். தெரியாதவன் எங்கே நிற்கிறான் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்துப் பாண்டிப் பள்ளிக்கூடம் என்று நீயே ஒரு பெயர் வாங்கிக் கொடுக்கிறாய். நிறுத்து. நான் இன்னொரு தடவை சொல்லமாட்டேன்.

சுடலைமுத்து


மட்டாஞ்சேரி
2-11-1981

அண்ணனுக்கு,

நர்சரியில் நடந்ததை இரண்டு வாரமாக உங்களுக்கு எழுதாமல் இருந்தேன். இன்று பேசிவிடுவாள், நாளை பேசிவிடுவாள், பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கங்கா பேசவில்லை. இனியும் உங்களிடம் மறைப்பது சரியில்லை.

அன்றைக்கு மதினிக்குக் கிட்டங்கியில் கூடுதல் வேலை. கூட்டி வர நான் போனேன். நர்சரி வாசலில் எல்லாப் பிள்ளைகளும் போய்க்கொண்டிருந்தார்கள். கங்கா கேட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். கழுத்தில் கயிறு கட்டி ஒரு சிலேட் தொங்கியது. அதில் இங்கிலீஷில் எழுதியிருந்தது. பாவாடை நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அண்ணே, அவள் சிரித்தாள். சிலேட்டைத் தூக்கிக் காட்டி, "அத்தே, இங்கிலீஷ்! எனக்கு மட்டும் குடுத்தாங்க. என்னா எழுதிருக்கு, வாசிங்க" என்றாள்.

நான் சிலேட்டைக் கழற்றப் போனேன். பக்கத்தில் நின்ற பெரிய பையன் ஒருவன் சிரித்துக்கொண்டே வாசித்துச் சொன்னான். "நான் இனிமேல் தமிழ் பேசமாட்டேன்." அதுதான் எழுதியிருந்தது.

நடந்தது இதுதான். ஒண்ணுக்கு வருகிறது என்று கேட்டிருக்கிறாள். இங்கிலீஷில் கேட்டால்தான் விடுவோம் என்றிருக்கிறார்கள். தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறாள், ஏ பி சி டி கூடச் சொன்னாளாம். பிறகு நின்ற இடத்திலேயே போய்விட்டது. அதற்குத்தான் சிலேட்.

நான் உள்ளே போனேன். நர்சரி நடத்துகிற அம்மா நாற்காலியிலிருந்து எழவில்லை. "வீட்டில் சீலிச்சது மாற்றண்டே? அச்சன்றெ ஆக்ரகம் அதல்லே?" என்றாள். வீட்டுப் பழக்கத்தை மாற்ற வேண்டாமா, தகப்பனின் ஆசை அதுதானே என்று என்னிடமே கேட்கிறாள். சிலேட்டை அவள் மேஜை மேல் போட்டு உடைத்தேன். ஆமாம், உடைத்தேன். ஒரு துண்டு அவள் மடியில் விழுந்தது. கங்காவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வழியெல்லாம் அவள் என் தோளில் முகத்தை வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. பசித்தால் தட்டை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். டாக்டர் தொண்டையில் ஒன்றுமில்லை என்கிறார்.

யாரோ ஒரு டீச்சர் உங்களைப் பார்த்துச் சிரித்ததற்கு நீங்கள் ஐந்து வயசுப் பெண்ணைக் கொண்டுபோய் அதே இடத்தில் நிறுத்திவிட்டீர்கள். இதை நான் நயமாக எழுதப் பார்த்தேன். வரவில்லை.

வீரலட்சுமி


ஷார்ஜா
5-11-1981

வீரலட்சுமிக்கு,

செல்லப்பா எழுதிவிட்டான். நர்சரிக்குள் புகுந்து அந்த அம்மாவை அடிக்கப் போனாயாம். கண்ணாடியை உடைத்தாயாம். போலீஸுக்குப் போகாமல் அவன் கை காலைப் பிடித்துச் சமாதானம் பண்ணியிருக்கிறான். என் மகளை அங்கிருந்து இழுத்துக்கொண்டு வந்து மறுபடியும் உன் கோணிச்சாக்குக் கூட்டத்தில் உட்காரவைத்திருக்கிறாய்.

பொறாமையா உனக்கு? உன் பள்ளிக்கூடத்தைவிட நல்ல இடத்துக்கு ஒரு பிள்ளை போவது பிடிக்கவில்லையா?

போதும். முன்னறையைச் செல்லப்பாவுக்குச் சரக்கு வைக்கக் கொடுத்துவிட்டேன். அவன் வந்து பூட்டுவான். நடுவில் நிற்காதே. நீ எனக்குத் தங்கச்சி என்பதால் உள்ளறையில் இருந்துகொள்.

சுடலைமுத்து


மட்டாஞ்சேரி
28-11-1981

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் நான் அனுப்பியது கிடைப்பதற்கு முன்னால் எழுதியது என்று தேதியைப் பார்த்து நினைத்துக்கொள்கிறேன். கிடைத்த பிறகும் இப்படித்தான் எழுதுவீர்கள் என்றால் இதற்குமேல் வாசிக்க வேண்டாம், கிழித்துவிடுங்கள்.

செல்லப்பா வந்தார். பிள்ளைகள் இருக்கும்போதே வந்தார். "மொதலாளி சொல்லியிட்டுண்டு" என்றார். நீங்கள் எப்போது முதலாளி ஆனீர்கள்? வெங்காயச் சாக்குகளை உள்ளே இறக்கினார். புத்தகங்கள் ஒரு மூலையில் அடுக்கியிருந்தன. அதன் மேலேயே சாக்கைப் போட்டார். பிள்ளைகள் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார்கள். பூட்டினார், போனார்.

நான் நடுவில் நிற்கவில்லை. நீங்கள் சொன்னபடி வெளியே வந்துவிட்டேன். பிள்ளைகளும் வந்தார்கள். எங்கே போவது? சந்தில் உட்கார்ந்தோம். நம் வாசலுக்கு நேரே, கைவண்டி போகிற வழியில், பாயை விரித்து.

முதல் வண்டி வந்தது. "மாறு, மாறு" என்று விலகச் சொல்லிக் கத்தினான். நான் கதையை நிறுத்தவில்லை. பின்னால் இன்னொரு வண்டி. சுக்கு மூட்டை ஏற்றிய வண்டிகள் பஜார் வரைக்கும் வரிசையாக நின்றுவிட்டன. கிட்டங்கிக்காரர் ஆள் அனுப்பினார், பிறகு அவரே வந்தார், பிறகு கான்ஸ்டபிள் வந்தார். "எந்தா இது, வழி முடக்கியிட்டு பள்ளிக்கூடமோ?" என்று வழியை அடைத்ததற்கு அதட்டி, லத்தியால் பாயைத் தட்டினார். ஒரு குழந்தை அழுதது. அப்போது மூன்றாவது வண்டிக்காரர், ஒச்சப்பன் அண்ணாச்சி, தன் வண்டியைக் குறுக்கே திருப்பி இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே ஏறி உட்கார்ந்தார். "சாரே, எம்புள்ளயும் இதுல இருக்கு. படிச்சு முடியட்டும். மூட்ட எங்கயும் ஓடிப்போகாது" என்றார். சாயா வாங்கி வரச் சொல்லிக் குடித்தார்.

மத்தியானம் கிட்டங்கியிலிருந்து அம்மாமார் வந்தார்கள். மதினியும் வந்தார். உங்களுக்குத் தெரியும், மதினி சத்தமாகப் பேசி நாம் கேட்டதில்லை. செல்லப்பா கடை வாசலில் போய் நின்று, "எம் புருசன் வீட்டப் பூட்ட ஒனக்கு ஆரு அதிகாரம் தந்தது? அவரு வந்து பூட்டட்டும், நான் பாக்கேன்" என்றார். சந்தே கேட்டது.

நாளையும் அங்கேதான் உட்காருவோம். மழை வந்தால் நனைவோம். முப்பது பேரும் நனைந்தார்கள் என்று செல்லப்பா உங்களுக்கு எழுதட்டும்.

கங்கா தினமும் வருகிறாள். என் புடவையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள். இன்னும் பேசவில்லை.

வீரலட்சுமி


ஷார்ஜா
20-12-1981

வீரா,

முதல் கடிதம் எங்கேயோ தங்கிவிட்டு, இரண்டும் சேர்ந்து வந்தன. வேலையிலிருந்து வந்து வாசித்தேன். பக்கத்துக் கட்டில்காரன் என்ன விஷயம் என்று கேட்டான். கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வெளியே போனேன்.

சிலேட்டைப் பற்றிச் செல்லப்பா ஒரு வார்த்தை எழுதவில்லை. அவனுக்குத் தெரியும். நர்சரியில் விசாரித்தவன் அவன்தானே. சாவியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அவனுக்குத் தந்தி அடித்திருக்கிறேன். அந்தப் பொம்பளையின் பெயரையும் விலாசத்தையும் எனக்கு எழுது. நான் வருகிற அன்றைக்கு அவள் அங்கே இருக்கக்கூடாது.

உன்னோடு எனக்குக் கோபம் தீரவில்லை. முதல் நாளே தந்தி அடித்திருக்க வேண்டும் நீ. ஒரு மாதத்துக்கு மேலாக என் பிள்ளை வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறது, நான் இங்கே கம்பி கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பேசுகிறாளா?

சுடலைமுத்து


மட்டாஞ்சேரி
11-1-1982

அண்ணனுக்கு,

பேசினாள்.

செல்லப்பா தந்தியைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார். கதவைத் திறந்து வெங்காயச் சாக்குகளை வெளியே தள்ளினார். கோபத்தில் எதையும் பார்க்கவில்லை. கீழே நசுங்கிக் கிடந்த புத்தகங்கள் மேலேயே நடந்துகொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்த்தோம். என் புடவையைப் பிடித்திருந்த கை விட்டுப்போனது தெரிந்தது. கங்கா அவர் முன்னால் போய் நின்றாள்.

"கால எடு! அது எங்க புஸ்தகம்!"

அவர் குனிந்து பார்த்தார். யார் குரல் என்றே அவருக்குப் புரியவில்லை. நகரவும் இல்லை. உடனே மலையாளத்தில் கத்தினாள். "காலெடுக்கெடா!" டா என்றே சொன்னாள் அண்ணே. உங்கள் வயசுக்காரரை. வேறொரு நாளாக இருந்தால் கண்டித்திருப்பேன்.

காலை எடுத்தார்.

மதினி வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கங்கா அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தட்டி அடுக்கினாள். அன்று மாலை சோறு குழைந்துவிட்டது என்று சண்டை போட்டாள். முன்னைப் போல நிறையப் பேசுவதில்லை. முன்பின் தெரியாத ஆள் யாராவது வந்தால் வாய் மூடிக்கொள்கிறது. அது மாற நாளாகும், ஒருவேளை மாறாமலும் போகலாம்.

நர்சரிக்காரியின் விலாசம் எழுதமாட்டேன். நீங்கள் அங்கே போய்ச் சண்டை போட்டுவிட்டு ஜெயிலுக்குப் போனால் இவளுக்கு என்ன கிடைக்கும்? அங்கே இன்னும் நம் காலனிப் பிள்ளைகள் நாலு பேர் போகிறார்கள். நானும் மதினியும் அந்த வீடுகளுக்குப் போய் நடந்ததைச் சொன்னோம். மூன்று பேரை நிறுத்திவிட்டார்கள். ஒரு வீட்டில் எங்களை உள்ளே விடவில்லை.

தந்தி அடிக்காதது என் தப்புதான் என்றால் அப்படியே இருக்கட்டும். சாவிக்கு நன்றி சொல்லமாட்டேன். அது எங்களிடம் இருந்த சாவி.

வீரலட்சுமி


ஷார்ஜா
14-5-1982

வீரா,

லீவு கிடைத்துவிட்டது. ஜூன் பதினாலாம் தேதி பம்பாயில் இறங்கி ரயில் ஏறுவேன். பதினாறாம் தேதி காலையில் எர்ணாகுளம்.

கங்காவுக்கு டேப் ரெக்கார்டரும் இங்கிலீஷ் பாட்டு கேசட்டும் வாங்கியிருக்கிறேன். கேட்டுக் கேட்டே வந்துவிடும் என்கிறார்கள். எர்ணாகுளத்தில், தேவராவில் ஒரு நல்ல ஸ்கூல் இருக்கிறதாம், இது அந்த மாதிரி இடமில்லை, நான் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பேன். நான் வரும்வரை எங்கேயும் சேர்க்க வேண்டாம்.

இருபது நாள் இருப்பேன். முன்னறையை ஒழித்து வை. எனக்குக் காற்றோட்டம் இல்லாமல் தூக்கம் வராது.

சுடலைமுத்து


மட்டாஞ்சேரி
3-6-1982

அண்ணனுக்கு,

இந்தக் கடிதம் கிடைத்த பிறகுதான் நீங்கள் புறப்படுவீர்கள் என்று நம்புகிறேன்.

முந்தாநாள் பள்ளிக்கூடம் திறந்தது. நம் முன்னறையிலிருந்து ஏழு பேர் ஒன்றாம் கிளாஸில் சேர்ந்தார்கள். கங்கா அதில் ஒருத்தி. உங்கள் கடிதத்தை மதினிக்கு வாசித்துக் காட்டினேன். இந்தத் தடவை பாதியில் எழுந்து போகவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, "அவரு வரட்டும். பள்ளிக்கூடம் அவருக்காகக் காத்துக்கிட்டு நிக்காது" என்றார்.

ஹெட்மிஸ்ட்ரஸ் நம் பிள்ளைகளைப் பார்த்ததும் பழைய வழக்கப்படி, "தமிழ்க் குட்டிகள் பின்னில் இருந்நோட்டெ" என்றார். பின்பெஞ்சில்! நான் பேச வாயெடுத்தேன். மதினி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு அவரே முன்னால் போனார். "டீச்சரே, இவ பேரு கங்கா. அப்பன் பேரு சுடலமுத்து. வீட்ல தமிழு, இங்க மலையாளம். ரெண்டும் வாசிப்பா. பின்னால உக்கார எந்தக் காரணம் உண்டு, அத எங்கிட்டச் சொல்லணும்" என்றார். வெளியே மற்ற ஆறு அம்மாமாரும் நின்றார்கள். அன்றைக்குக் கிட்டங்கியில் ஒருத்தரும் வேலைக்குப் போகவில்லை.

ஹெட்மிஸ்ட்ரஸ் சோதித்துப் பார்த்தார். மலையாளப் பாடப் புத்தகத்தைத் திறந்து கங்காவிடம் நீட்டினார். கங்கா வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற வேலன், கேட்காமலேயே, அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ் வரை படபடவென்று வாசித்தான். ஒரு இடத்தில் தப்பாக வாசித்தான். கங்கா திருத்தினாள். மெதுவாகத்தான், ஆனால் டீச்சருக்குக் கேட்டது.

நாலு பேருக்கு முன்பெஞ்சு. மூன்று பேருக்குப் பின்பெஞ்சுதான், இடமில்லை என்கிறார்கள். அந்த மூன்று பேருக்காக நாளை மறுபடி போகிறோம்.

உங்களுக்கு இன்னொரு ஸ்கூல் பார்க்க வேண்டும் என்றால் முதலில் மதினியிடம் பேசுங்கள், என்னிடம் இல்லை. டேப் ரெக்கார்டர் கொண்டு வாருங்கள். பாட்டுக் கேட்பதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வந்திறங்கியதும் சொந்தக்காரர்கள் நடுவில் அவளை நிறுத்தி இங்கிலீஷில் எதையாவது சொல்லிக் காட்டச் சொல்லாதீர்கள். அவளாக வருவாள். முதல் நாள் வராவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது.

ஸ்டேஷனுக்கு நான் வரமாட்டேன். ஒச்சப்பன் அண்ணாச்சி வருவார். மதினி கிட்டங்கியிலும் கங்கா பள்ளிக்கூடத்திலும் இருப்பார்கள். முன்னறை ஒழியாது. ஏழு பேர் போன இடத்தில் பதினோரு பேர் புதிதாக வந்திருக்கிறார்கள். உங்களுக்கு உள்ளறையில் ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டிருக்கிறோம்.

நீங்கள் வந்துசேரும் நேரம் எனக்கு வகுப்பு நடந்துகொண்டிருக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டு, சத்தம் போடாமல் உள்ளே வாருங்கள்.

வீரலட்சுமி